ரசப்பொடி கேஸு

ஏனுங்க, தப்பா நினைச்சுக்காதீங்க, நீங்க வக்கீலுங்களா? இல்லீங்க, கறுப்புக் கோட்டை மடிச்சு மடியில வெச்சிருக்கீங்களே, அதான் கேட்டேன். சேலம் கோர்ட்டுங்களா? ரொம்ப நல்லதாப் போச்சுங்க. கடவுளாப் பாத்து உங்களை எம் பக்கத்துல உக்கார வெச்சிருக்கார். எனக்கு ஒரு கேஸு இருக்குதுங்க. வரப்புத் தகராறு இல்லீங்க, பாகப்பிரிவினையும் இல்லீங்க. ரசப்பொடி கேஸு.

சிரிக்காதீங்க. முழுசாக் கேட்டுட்டுச் சிரிங்க. திருச்செங்கோடு போறதுக்குள்ள சொல்லி முடிச்சர்றேன். எப்படியும் இந்த டிரைவரு சங்ககிரியில நிறுத்தி டீ குடிக்காம வண்டிய எடுக்க மாட்டான்.

எம் பேரு சென்னியப்பனுங்க. போர்வெல் வண்டி வெச்சிருக்கறேன். ஆந்திரா, மத்தியப் பிரதேசம்னு நம்ம ரிக்கு போகாத ஊரில்ல. பூமிக்குள்ள ஆயிரம் அடியில என்ன இருக்குதுன்னு மேல நின்னே சொல்லீருவேன். எங்கூட்டுக்குள்ள என்ன நடக்குதுங்கறதும் அப்படித்தான். எங்கிட்ட ஒருத்தரும் ஒண்ணையும் மறைக்க முடியாதுங்க. அத மொதல்லயே சொல்லிப் போடறேன், கேஸுக்கு ஆகும்.

எனக்கு ஒரே புள்ளைங்க. சிந்துஜா. பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை. அப்பப்ப ஆபீஸ் வேலையா வெளிநாடு போவா, எந்த ஊருன்னு நான் கேட்டதில்ல. வந்த ஜாதகத்தையெல்லாம் மூக்கு கோணல், முழி கோணல்னு தட்டி விட்டுட்டே இருந்தா. போன சித்திரையில திடீர்னு, "அப்பா, நாம மூணு பேரும் ஒரு வாரம் ஐரோப்பா போயிச் சுத்திப் பாத்துட்டு வரலாம்"ங்கறா. பாரிஸான்னேன். இல்லியாம், பிராக்காம். பிராக்குன்னு ஒரு ஊரு இருக்குதுன்னே எனக்கு அன்னிக்குத்தானுங்க தெரியும். எங்க பங்காளி ஒருத்தன் பாரிஸ் போயி அந்த இரும்புக் கோபுரத்தை முதுகுக்குப் பின்னால நிறுத்தி போட்டோ எடுத்து, பிரேம் போட்டு ஆபீஸ்ல மாட்டி வெச்சிருக்கான். நான் பிராக் போனேன்னா எவனுக்குத் தெரியும்? ஏதோ குளிர்பானம்னு நினைச்சுக்குவான்.

எம்பட சம்சாரம் துளசிமணி இருக்கறாளே, பழனி தாண்டி எங்கியும் போகோணும்னு வாயத் தொறந்து கேட்டதில்ல. அவ சொல்றா, "பிராக்கே போலாமுங்க, கூட்டம் கம்மியா இருக்கும்." இவளுக்கு எப்படித் தெரியும் அங்க கூட்டம் கம்மின்னு? நான் அப்ப அத யோசிக்கலீங்க. பாஸ்போர்ட்டுல எம் மூஞ்சி கோரமா வந்திருச்சேன்னு அந்தக் கவலையில இருந்தேன்.

இப்ப கேஸுக்கு வர்றேன். துளசிமணி ஒரு பெட்டி பூராச் சாப்பாட்டுச் சாமான் கட்டுனா. அரிசி, புளி, நெய்யி, தக்காளித் தொக்கு, கொள்ளுப்பொடி, குட்டிக் குக்கரு. அப்பறம் ரசப்பொடி. அவ ரசப்பொடியப் பத்தி நான் சொல்லக் கூடாது, தின்னவங்க சொல்லோணும். பொடி இருந்த டப்பாவோட அடையாளத்தையும் எழுதிக்கங்க: எவர்சில்வரு, மூடி ஒரு பக்கம் நசுங்கினது. சிந்து சின்னப் புள்ளைல அலமாரி ஏறோணும்னு அது மேல காலை வெச்சு நசுக்குனா. அந்த மூடிய எந்த ஊர்ல பாத்தாலும் எனக்குத் தெரியும்.

பிராக்குல எறங்குனமுங்க. அப்பா, என்ன குளிரு! சாமான் வர்ற எடத்துல துளசிமணி, "நீங்க பாத்ரூம் போயிட்டு வாங்க, பெட்டிய நாங்க எடுத்து வெக்கறோம்"னா. எனக்கு வரவே இல்லீங்க. இருந்தாலும் அவ தள்ளாத கொறையா அனுப்புனா, போனேன். திரும்பி வந்து பாத்தா ரெண்டு பேத்தையும் காணோம். வெளிய ஓடுனா, அங்க நின்னுட்டு, "சாப்பாட்டுப் பெட்டி வரலீங்க, தொலைஞ்சு போச்சுங்க"ன்னு கையப் பெசையறா. சிந்து, "நான் ஆபீஸ்ல சொல்லிட்டு வந்துட்டேன்பா, கெடைச்சா அனுப்புவாங்க"ங்கறா. ரெண்டு பேரு கண்ணுலயும் ஒரு சொட்டுத் தண்ணியில்ல. அதிர்ச்சியில அழுகை வராதுன்னு சொல்வாங்க, அதாங்க.

அவங்க பக்கத்துல ஒரு பையன். ஒரு காரோட டிக்கிய பட்டுனு சாத்திட்டுத் திரும்பறான். மூச்சு வாங்குது, கனமா எதையோ தூக்குனவனாட்ட. "வணக்கம் அங்கிள், நான் மதிவாணன்." சிந்து சொல்றா, "எங்கூட வேலை செஞ்சவருப்பா, இப்ப இங்க இருக்கார். நமக்கு ஊரச் சுத்திக் காட்டுவார்."

எனக்கு அங்கயே தெரிஞ்சு போச்சுங்க. எப்படின்னு கேளுங்க. அவ அவனத் திரும்பியே பாக்கல. கூட வேலை செஞ்சவனா இருந்தா நல்லா இருக்கியான்னு ஒரு வார்த்தை கேப்பா இல்லீங்களா? தரையப் பாத்துட்டு நிக்கறா. நான் கண்டுபிடிச்சுட்டேன். சொன்னேனே, எங்கிட்ட மறைக்க முடியாது.

மறு நாளு ஒரு பாலத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அகலமான கல்லுப் பாலமுங்க, ரெண்டு பக்கமும் செல வரிசையா நிக்குது. அதுல ஒரு வண்டி போகக் கூடாதாம், நடக்க மட்டுமாம். இவ்வளவு செலவு பண்ணி எதுக்குப் பாலத்தைக் கட்டுனான்? அங்க ஒரு சாமியார் செல. ராணி சொன்ன ரகசியத்தை வெளிய சொல்ல மாட்டேன்னு இருந்ததுக்காக, ராஜா அவரைத் தூக்கி ஆத்துல வீசிட்டானாம். தொட்டா நல்லது நடக்குமுன்னு வெள்ளைக்காரனெல்லாம் தடவித் தடவி அந்த எடம் மட்டும் மினுங்குது. துளசிமணிக்கு அந்தச் சாமிய ரொம்பப் புடிச்சுப் போச்சுங்க. அந்தக் குளுருல செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு, கன்னத்துல போட்டுக்கிட்டா. பின்னால நின்ன ஜப்பான்காரங்களும் பாத்துட்டு ஷூவக் கழட்ட ஆரம்பிச்சுட்டாங்க.

அங்க வெச்சுத்தான் சிந்து எங்கிட்டச் சொன்னா. "அப்பா, எனக்கு அவரப் புடிச்சிருக்கு. அதுக்காக நான் ஓடியெல்லாம் போக மாட்டேன். நீங்க வேண்டாம்னு சொன்னா விட்டுர்றேன். ஆனா அப்பறம் எனக்குக் கல்யாணம்னு ஒண்ணு வேண்டாம். இந்த ஒரு வாரம் அவரப் பாருங்க. பாத்துட்டுச் சொல்லுங்க."

பையனுக்கு மன்னார்குடிப் பக்கம். அப்பா பேரு கலியமூர்த்தி, பள்ளிக்கூட வாத்தியார். குலதெய்வம் எதுன்னு சிந்துகிட்டக் கேட்டேன், ஏதோ ஒரு ஐயனாரைச் சொன்னா. நம்ம ஆளுங்க இல்லீன்னு அதுலயே தெரிஞ்சு போச்சு. நான் ஜாதி பாக்கற ஆளில்லீங்க. எம்பட ரிக்குல எல்லா ஜாதிக்காரனும் ஒண்ணா நின்னு வேலை செய்யறான், ஒரே சட்டியில சோறு திங்கறான். தண்ணிக்கு ஏதுங்க ஜாதி? கல்யாணம்னா அது வேற, அவ்வளவுதான்.

நான் வேண்டாம்னும் சொல்லலீங்க, சரீன்னும் சொல்லல. வாயவே மூடிக்கிட்டேன். அந்த ஒரு வாரமும் அந்தப் பையங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. பாக்க வந்த ஊரை மட்டும் பாத்தேன். என்ன ஊருங்க அது? ரோடு பூரா உருண்டைக் கல்லு பாவி வெச்சிருக்கான். நம்ம ரிக்கு அதுல போனா போல்ட்டு போல்ட்டாக் கழண்டு விழுந்துரும். ஒரு கடியாரத்தைப் பாக்கக் கூட்டிட்டுப் போனாங்க. அதுல ஒரு எலும்புக்கூடு மணி ஆட்டுது, சன்னலத் தொறந்துட்டு பொம்மைங்க எட்டிப் பாக்குது, சன்னலு சாத்திக்குது, முடிஞ்சுது. அதுக்கு அவ்வளவு கூட்டம் வாயப் பொளந்துட்டு நிக்குது. நம்ம மாரியம்மன் கோயில் நோம்பில வர்ற ராட்டினக்காரன் இதவிட நல்லா ஆட்டிக் காட்டுவான். எல்லா போட்டோவுலயும் நான் மொறைச்சுட்டு நிக்கறேன். அந்தக் கோட்டை, அந்தக் கோபுரம், அதுக்கு முன்னால கடன் வசூலுக்கு வந்தவனாட்ட நானு.

அந்தப் பையன் மட்டும் சலிக்கலீங்க. டிராம் ஏறுனா எனக்கு எடம் புடிப்பான். துளசிமணிக்கு முட்டி வலின்னா ஏத்தத்துல கை குடுப்பான். இவளும் என்னமோ பெத்த மகனாட்ட அவன் கையப் புடிச்சுட்டு ஏறுவா. எனக்கு வவுறு எரியும். எரிஞ்சதுல பாதி கோவம், பாதி பசி.

ஏன்னா சாப்பாடு இல்லீங்களே! காலையில ரொட்டி, மத்தியானம் ரொட்டி, சாய்ந்தரம் வேற மாதிரி ரொட்டி. புளிச்ச முட்டைக்கோசுன்னு ஒண்ணு, வேக வெச்ச மாவுருண்டைன்னு ஒண்ணு. ஆத்துல குதிச்சறலாமான்னு இருந்துச்சு. ஓட்டல்ல தண்ணி கேட்டா அதுக்குத் தனியாக் காசு வாங்கறான். ஊருக்கெல்லாம் தண்ணி எடுத்துக் குடுத்தவன்கிட்ட! ஆனா ஒண்ணு, துளசிமணி அந்த ரொட்டிய ஒரு மொணகல் மொணகாம தின்னா. "பெட்டி இருந்திருந்தா ஒரு ரசம் வெச்சிருக்கலாமுங்க"ன்னு நேரா நேரத்துக்குச் சொல்லுவா. வெந்த புண்ணுல வேல் பாய்ச்சறாப்பல. பசி வந்தாப் பத்தும் பறந்து போகும்பாங்க. எனக்கு ஒம்பது பறந்திருச்சு. மானம் மட்டும் நின்னுது.

கடைசி நாளைக்கு முந்தின நாளு அந்தப் பையன் துளசிமணிகிட்டச் சொல்றான், "நாளைக்கு மத்தியானம் எங்க வீட்டுல சாப்பிட வாங்க அத்தை." அத்தையாமா! நான் துளசிமணிகிட்டக் கட்டன் ரைட்டாச் சொல்லீட்டேன். வர்றேன், உக்கார்றேன், காப்பி குடிக்கறேன். கை நனைக்க மாட்டேன்.

உங்களுக்குத் தெரியாததில்ல. நம்ம பக்கம் சம்பந்தம் பேசப் போனா, காப்பி பலகாரத்தோட எந்திரிச்சரோணும். எலை போட்டு சோத்துல கை வெச்சோம்னா சம்பந்தத்துக்குச் சம்மதமுன்னு அர்த்தம். அப்பறம் பின்வாங்கக் கூடாது. சுத்துப்பட்டு ஊர்ல எங்க பொண்ணு பாக்கப் போனாலும் பெரிய மனுசனா என்னத்தான் கூட்டிட்டுப் போவாங்க. எத்தனையோ வூட்டுல கறிக்கொழம்பு வாசம் மூக்கைத் தொளைக்கும். பேச்சு முடியாம நான் கை நனைச்சதே இல்லீங்க. அத எங்கூட்டுல உக்காந்து வருசம் பூராப் பெருமையாச் சொல்லுவேன். சிந்து பக்கத்துல உக்காந்து வீட்டுப்பாடம் எழுதிட்டிருப்பா.

போனமுங்க. லிப்ட்டு இல்லாத நாலாவது மாடி. கதவத் தொறந்தான் பாருங்க, அந்த மணம்! வக்கீலய்யா, பொய் சொல்லல, வாசப்படியிலயே நின்னுட்டேன். ரசம். மொளகும் சீரகமும் கொத்தமல்லியும், அப்படியே எங்கூட்டு அடுப்படி. இந்த மன்னார்குடிக்காரனுக்கு எங்கூட்டு ரசம் எப்படி வந்துச்சு? உலகத்துல அப்படி அதிசயமும் நடக்குதுங்க.

தட்டு வெச்சான். சோறு, ரசம், உருளைக்கெழங்கு, தயிரு. தட்டுக்குப் பக்கத்துல ஒரு ஸ்பூனு. அதப் பாத்ததும் எனக்குள்ள ஒரு வக்கீலு முழிச்சுக்கிட்டாருங்க. கை நனைஞ்சாத்தானே சம்மதம்? ஸ்பூனு நனைஞ்சா? ஸ்பூனு அவனோடது. நனைஞ்சா அவனுக்குத்தான் பாதகம். சட்டப்படி சரிதானுங்களே? அப்படிச் சொல்லுங்க! ஒரு விரல் கூடப் படாம, ஸ்பூன்ல எடுத்து எடுத்துத் தின்னேன். ரெண்டு தடவை வாங்கித் தின்னேன். ஸ்பூன்ல ரசஞ்சோறு திங்கறது, கொடை புடிச்சுட்டுக் குளிக்கறாப்பல. வவுறு ரொம்புது, மனசு ரொம்பல. இருந்தாலும் ஜெயிச்சுட்டேன்னு நினைச்சு நிமுந்து பாத்தேன்.

எதுத்தாப்பல சிந்து உக்காந்திருக்கா. அவ தட்டுல போட்ட சோறு போட்டபடி இருக்குது.

"ஏன் அம்மிணி, சாப்பிடல?"

"நீங்க சாப்பிடுங்கப்பா."

"பசிக்கலயா?"

"பசிக்குதுப்பா."

அப்பறம் ஏன்னு கேக்கறேன். அந்தப் பையன் தயிர்ச் சட்டியக் கையில வெச்சுக்கிட்டு நின்னவன், மொள்ளச் சொல்றான். "சிந்து இங்க சாப்பிட மாட்டாங்க அங்கிள். ஆபீஸ் வேலையா ரெண்டு மூணு தடவை இந்த ஊருக்கு வந்திருக்காங்க. வர்றப்பல்லாம் கூப்பிடுவேன். காப்பி குடிப்பாங்க, எந்திரிச்சுருவாங்க. எங்கப்பா கை நனைக்காத வீட்டுல நான் நனைக்கக் கூடாதும்பாங்க."

நான் அவளப் பாத்தேன். அவ எங்கையிலிருந்த ஸ்பூனையே பாத்துட்டு இருக்கறா. கோவமாப் பாத்திருந்தாக் கூடச் சமாளிச்சிருப்பேனுங்க. கெஞ்சியிருந்தா மொறைச்சிருப்பேன். சும்மா பாத்தா. பசிச்ச புள்ள, முன்னால சோறு, கைய மடியில வெச்சுக்கிட்டு. ஒரு வாரமா அவளுந்தானே அந்த ரொட்டியத் தின்னா?

வீட்டுப்பாடம் எழுதிட்டே கேட்டிருக்காளேங்க. என்னைய விட இவதானுங்க அந்த முறைய ஒழுங்காக் காப்பாத்தியிருக்கா. ஆருமில்லாத ஊர்ல, பாக்கறதுக்கு ஒரு நாதியில்லாத ஊர்ல, அப்பன் பேரச் சொல்லி எந்திரிச்சுப் போயிருக்கா. நானு ஸ்பூனை வெச்சுக்கிட்டுக் கோர்ட்டு நடத்திட்டு இருக்கறேன்.

ஸ்பூனைக் கீழ வெச்சேன். அந்தப் பையங்கிட்ட அந்த வாரத்துல நான் பேசுன மொத வார்த்தை, "இன்னும் கொஞ்சம் சோறு போடு சாமி."

போட்டான். பாதி மேசையில கொட்டுது. ரசத்தை ஊத்தச் சொல்லி, அஞ்சு விரலையும் வெச்சுப் பெசஞ்சேன். மணிக்கட்டு வரைக்கும் நனைஞ்சுது. பெசஞ்சு மொத உருண்டைய எம் வாய்க்குக் கொண்டு போகல. சிந்து பக்கம் நீட்டுனேன். அவ வாயத் தொறந்தா, சின்னப் புள்ளையாட்ட. எங் கண்ணுல தண்ணி வந்துச்சு. மொளகு தூக்கலுன்னு சொல்லிச் சமாளிச்சுட்டேன். துளசிமணி மூஞ்சி கழுவோணும்னு எந்திரிச்சு உள்ள போயிட்டா. அவளுக்கும் மொளகு தானாமா.

கை கழுவ அடுப்படிக்குப் போனேனுங்க. அங்க மேடை மேல ஒரு எவர்சில்வர் டப்பா. மூடி ஒரு பக்கம் நசுங்கியிருக்குது. எங்கூட்டு டப்பாவாட்டவே! கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். அந்தக் கம்பெனிக்காரன் எல்லா மூடியையும் நசுக்கித்தான் விக்கறானாட்ட இருக்குது. மாப்பிள்ளைகிட்டக் கூடச் சொன்னேன், "இதே மாதிரி எங்கூட்டுலயும் ஒண்ணு இருந்துச்சு மாப்பிள்ளை, இந்த ஏர்போர்ட்டுக்காரன் தொலைச்சுப் போட்டான்"னு. அவருக்குப் பொறை ஏறிப் போச்சு. துளசிமணி ஓடி வந்து அவர் தலையில தட்டுறா.

இப்பத்தானுங்க கேஸோட முக்கியமான எடம். மறு நாளு ஊருக்குக் கெளம்பறோம், சிந்து அந்தப் பெட்டிய உருட்டிட்டு வர்றா. "விமானக் கம்பெனிக்காரங்க குடுத்துட்டாங்கப்பா." தொறந்து பாத்தா, ரசப்பொடி பாதி இல்ல! அரிசி கொறையுது, புளி கொறையுது, நெய்யில ஸ்பூன் போட்டு எடுத்த குழி இருக்குது. குக்கரைக் கழுவிக் கவுத்து வேற வெச்சிருக்கான். வெள்ளைக்காரன் சமைச்சுத் தின்னுருக்கானுங்க! ஒரு வாரம் நாங்க ரொட்டியத் தின்னுட்டுக் கெடக்க, அவன் எங்க ரசஞ்சோத்தைத் தின்னுருக்கான். இத விடலாமுங்களா? அங்கயே ஒரு சத்தம் போடலாமுன்னா, மூணு பேரும் என்னைய இழுத்துட்டுப் போயிட்டாங்க. நம்ம வீட்டுல எல்லாம் பயந்த சுபாவமுங்க.

சொல்லுங்க, கேஸு நிக்குமா? சாட்சிக்கு துளசிமணி இருக்கறா, மாப்பிள்ளை இருக்கறார், சிந்து இருக்கறா. என்னங்க, இப்படிச் சிரிக்கறீங்க? இருமலா? தண்ணி குடிங்க. எங்கூட்டுலயும் இந்தப் பெட்டிப் பேச்ச எடுத்தா எல்லாத்துக்கும் இதே இருமலுங்க.

இருங்க, போன் அடிக்குது. துளசிமணிதான்.

ஆமா, பஸ்ஸுலதான் வர்றேன். சங்ககிரி தாண்டியாச்சு. ஒரு வக்கீலய்யா பக்கத்துல உக்காந்திருக்கார், பெட்டி கேஸைச் சொல்லிட்டு வர்றேன்... எல்லாந்தான் சொன்னேன், டப்பா வரைக்கும் சொன்னேன்... அவரா? அவர் சிரிக்கறார்... சரி, சரி.

வெச்சுட்டா. "அவர் சிரிச்சுட்டாருன்னா கேஸு முடிஞ்சுதுங்க, பேசாம வூடு வந்து சேருங்க"ங்கறா. பொம்பளைங்களுக்குச் சட்டம் தெரியாதுங்க.

ஊரு வந்திருச்சு. இந்தாங்க, பத்திரிக்கை. ஐப்பசியில, நம்ம மலைக் கோயில் அடிவாரத்து மண்டபம். சிந்துஜா, மதிவாணன். குடும்பத்தோட வரோணும். சமையக்காரங்கிட்ட ஒரே ஒரு கண்டிசன் போட்டிருக்கேன், மண்டபத்துக்குள்ள ஒரு ஸ்பூனு வரக் கூடாது. கட்டாயம் வந்து கை நனைச்சுட்டுத்தான் போகோணும், ஆமா.